ஸ்டீயரிங்கை விட்ட கைகள்

"நைனா, நீ சாமி கும்புட்றப்ப பஸ்ஸ யாரு ஓட்றா?"

அம்சவல்லி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஆடிக் கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்குப் போய்த் திரும்புகிற கூட்டத்தோடு, அப்பா ஓட்டுகிற பஸ்ஸிலேயே, எஞ்சின் மூடியின்மேல் துண்டு விரித்து அவளை உட்காரவைத்திருந்தார்கள்.

தணிகாசலம் அப்போதுதான் கும்பிட்ட கைகளை இறக்கி ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். "முனீஸ்வரனே ஓட்டிக்குவாரும்மா" என்றார்.

"அவருக்கு லைசென்ஸ் கீதாண்ணே?" என்று பின்னாலிருந்து கண்டக்டர் அண்ணாதுரை குரல் கொடுத்தான். பஸ்ஸே சிரித்தது. தணிகாசலமும் சிரித்தார். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. பதில் போதவில்லை என்பதுபோல அவர் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் நான்கு சாலைகளும் கூடுகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. அதனடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். அதுதான் முனீஸ்வரன். சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் மரத்தை வெட்ட ஆள் தேடினார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் கோடரி தூக்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில் மரத்தைச் சுற்றிக் கட்டைச்சுவர் கட்டி ரவுண்டானா ஆக்கிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்த வழியே போகிற ஒவ்வொரு வண்டியும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், முனீஸ்வரனை வலம் வந்துதான் போகவேண்டியிருந்தது. கல்லின் முகத்துக்கு நேரே வரும்போது பஸ் டிரைவர்கள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடிப்பார்கள். உள்ளே இருக்கிறவர்களும் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள். அப்படிச் செய்யாத டிரைவரை ஜனங்கள் நம்பமாட்டார்கள்.

செங்கல் சூளை லாரிகளுக்கு வேறு பழக்கம். லோடு ஏற்றிய வண்டி ரவுண்டானாவை முழுக்கச் சுற்றினால் வேகம் செத்துப்போகும், பழையபடி முதல் கியருக்கு வரவேண்டும். அதனால் எதிரே வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, வலம் வராமல், குறுக்குப் பக்கமாகவே வெட்டித் திரும்பிவிடுவார்கள். அதையும் யாரும் தப்பென்று சொன்னதில்லை.

இரண்டு பழக்கங்களும் பல வருஷம் ஒன்றையொன்று சந்திக்காமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

அதே எழுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மாதம், நல்ல வெயில் ஏறிய காலைப்பொழுதில் அவை சந்தித்தன. தணிகாசலம் படப்பைப் பக்கமிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ்ஸைக் கொண்டுவந்தார். வழக்கம்போல ரவுண்டானாவில் நுழைந்தார், கல்லின் முகத்துக்கு நேரே கைகளைத் தூக்கினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது கண்ணாடி முழுக்க லாரியின் முகம் இருந்தது.

இடதுபக்கம் இடம் இருந்தது. ஒரு மாட்டுவண்டி போகிற அளவு மண்தரை காலியாகக் கிடந்தது. அதை அவர் தெளிவாகப் பார்த்தார். லாரிக்காரன் பிரேக்கின்மேல் ஏறி நிற்பதையும், அவன் கண்கள் தன் கைகளைப் பார்ப்பதையும் பார்த்தார். கைகள் இன்னும் கன்னத்தருகேதான் இருந்தன. அவை கீழே வந்து ஸ்டீயரிங்கைப் பிடிப்பதற்குள் இரும்பும் இரும்பும் மோதின.

செங்கற்கள் சரிந்து விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகுதான் ஜனங்கள் அலறினார்கள்.

முன்சீட்டில் தினமும் கீரைக்கட்டோடு வருகிற கோவிந்தம்மா கம்பிக்குக் கீழே கிடந்தாள். கீரை அவள்மேல் சிதறியிருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் காதுப்பக்கம் ஓடியது. "கோவிந்தம்மா, ஏ கோவிந்தம்மா" என்று அண்ணாதுரை உலுக்கினான். அவள் கண் திறக்கவில்லை.

தணிகாசலம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். வயல்களிலிருந்து ஆட்கள் ஓடிவருவது தெரிந்தது. அடிபட்டவர்களைப் பார்க்க ஓடிவருகிற கூட்டம், டிரைவரைத் தேடுகிற கூட்டமாக எப்படி மாறும் என்று அவருக்குத் தெரியும். ஓடிவிடலாமா என்று பார்த்தார். அப்போது யாரோ அவர் தலையில் எதையோ இறுக்கிக் கட்டினார்கள். தன் நெற்றியிலும் ரத்தம் வழிவது அப்போதுதான் தெரிந்தது.

கட்டியவன் லாரி டிரைவர் லாசர். ஒரு கால் முறிந்து தொங்க, பஸ்ஸின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்திருந்தான். "ஓடாதண்ணே. ஓடினா அட்ச்சே கொன்னுடுவாங்க. எங்கூடவே குந்து" என்றான். சொல்லிவிட்டு அவனே தரையில் சரிந்தான்.

கூட்டம் லாசரைத்தான் சூழ்ந்தது. "ராங் சைடுல வந்தவன் இவன்தான்டா!" "சூளைக்காரனுங்களுக்கு எப்பவுமே திமிரு!" ஒருவன் செங்கல்லையே கையில் எடுத்தான். கால் முறிந்து கிடப்பவனைப் பார்த்ததும் கீழே போட்டான். தணிகாசலத்தின் கையைப் பிடித்து ஒரு பெரியவர் சொன்னார்: "நீ கும்பிட்டியே, அதாம்பா காப்பாத்திச்சி. இல்லாட்டி மொத்த பஸ்ஸும் போயிருக்கும்."

தணிகாசலம் அந்தப் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார்.

ஸ்டேஷனில் அவர் அதிகம் பேசவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "எப்படிய்யா நடந்தது?" என்று கேட்டார். "லாரி எதிர்ப்பக்கமா வந்திடுச்சிங்க" என்றார் தணிகாசலம். அது உண்மை. "வேற ஏதாவது?" தணிகாசலம் தலையை அசைத்தார். "இல்லீங்க." அது பொய் என்று அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்தபோது பஸ் முதலாளி பலராமன் காத்திருந்தார். "கவலைப்படாதே. கேஸு லாரிக்காரன்மேலதான். நம்ம வண்டிமேல ஒரு சொட்டுத் தப்பு கெடையாது. கோர்ட்ல வந்து இதையே சொல்லிட்டுப் போ. அந்தப் பொம்பள மட்டும் செத்துட்டான்னா அவனுக்கு ஜெயிலுதான், லைசென்ஸும் போச்சி."

பயம் ஜெயில் என்ற அந்தச் சொல்லிலிருந்து ஆரம்பித்தது என்று தணிகாசலம் பின்னால் நினைத்துக்கொண்டார். அதுவரை இருந்தது வெறும் நடுக்கம்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. தெருவில் சைக்கிள் மணி அடித்தால், கோவிந்தம்மா போய்விட்டாள் என்று சொல்ல யாரோ வருகிறார்கள் என்று தோன்றியது. ஏட்டு ஒருவர் டீக்கடையில் நின்றாலும் தனக்காகத்தான் நிற்கிறார் என்று தோன்றியது. லாசர் பார்த்துவிட்டான். அவன் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? இன்றைக்குச் சொல்லிவிடுவான், நாளைக்குச் சொல்லிவிடுவான் என்றே நாட்கள் போயின. லாசர் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது; அதை மனைவி செங்கமலத்திடம்கூட அவரால் சொல்ல முடியவில்லை. கும்பிட்டது தப்பு என்று சொன்னால் அது முனீஸ்வரனைக் குற்றம் சொன்னதாகிவிடாதா? சொல்லாமல் இருந்தால், அவர் பேரை வைத்தே பொய் சொன்னதாகிவிடாதா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மஞ்சள் கல் எதிரே நின்றது.

"இன்னாய்யா ஆச்சி ஒனக்கு? தப்பு அவம்மேலன்னு ஊரே சொல்லுது. நீ எதுக்குப் பேயறைஞ்சாப்ல குந்திகினு கீற?" என்றாள் செங்கமலம்.

அம்சவல்லி மூலையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. தட்டின்மேல் கிடந்த அவருடைய கைகளைப் பார்த்தாள். பிறகு சிலேட்டைப் பார்த்தாள். தணிகாசலம் கைகளை மடியில் மறைத்துக்கொண்டார். ஆடி மாதத்தில் கேட்ட கேள்வி பதிலில்லாமல் அந்த வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் மதியம் அவர் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வேறொருவர் ஓட்டுகிற பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து போனார். பெண்கள் வார்டின் வாசலில் நின்றபோது, கோவிந்தம்மாவின் கட்டிலில் வெறும் பாய்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது.

கோவிந்தம்மா இருந்தாள். தலை முழுக்கக் கட்டு. கண் திறந்திருந்தது. அவளுக்கு ஒரு பெண் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கறுப்புக்கயிற்றில் சின்னச் சிலுவை.

"யாரும்மா நீ? மகளா?" என்றார் தணிகாசலம்.

"இல்லீங்க. லாரி ஓட்டுனவரு சம்சாரம். சவரியம்மாள்." அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "இந்தம்மா மகள ஆந்திராப் பக்கம் கட்டிக் குடுத்துக்கீதாம். வர நாளாவும். அதான் அவருக்குக் கஞ்சி வாங்கறப்ப இவுங்களுக்கும் சேத்து வாங்கியாந்துடறேன். நேத்து கண்ணு தொறந்தாங்க. நீங்க யாரு?"

"பஸ்ஸு ஓட்டுனவன்."

சவரியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். பயந்தது அவள்தான். "ஐயா, அவரு வேணும்னு பண்ணல" என்றாள். "லோடு வண்டிங்க, எல்லாரும் அப்படித்தான் திருப்பறது. மூணு புள்ளைங்கய்யா. கோர்ட்ல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கய்யா."

தணிகாசலத்தால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பினார். கட்டிலிலிருந்து கோவிந்தம்மாவின் குரல் மெல்ல வந்தது.

"தணிகாசலம்தானே? கீரையெல்லாம் போச்சாப்பா?"

"போச்சும்மா."

"போவட்டும். சாமின்னு கம்பிய வுட்டுட்டுக் கும்புட்டேன். கம்பியப் பிடிச்சிருந்தா நான் வுழுந்தே இருக்கமாட்டேன். என் தப்புதான் போ."

அவள் தன் பங்கை அவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.

ஆண்கள் வார்டில் லாசர் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துப் படுத்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"வாண்ணே. தலைக்காயம் ஆறிடுச்சா?" என்றான் லாசர், உறவுக்காரரைக் கேட்பதுபோல.

தணிகாசலம் கட்டிலோரம் குனிந்தார். "நீ ஏன்யா சொல்லலே?"

"இன்னா சொல்லணும்?"

"என் கைய நீ பாத்தே. நான் ஸ்டீயரிங்ல கை வெச்சிருந்தா லெப்ட்ல ஒடிச்சிருப்பேன். எடம் இருந்திச்சி. ஒனக்கும் தெரியும்."

லாசர் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தான். "தெரியும். ஆனா ராங் சைடுல பூந்தவன் நான். அது என் தப்பு, அத ஒத்துகினேன். உன் கை... அது சாமி முன்னாடி எடுத்த கைண்ணே. கும்புட்ற கையப் புடிச்சி, இதான்யா தப்பு பண்ணிச்சின்னு ஸ்டேஷன்ல காட்ட எனக்கு மனசு வரல. நான் வேதக்காரன். இவன் நம்ம சாமியப் பேசறான்னு ஊருக்குள்ள வேற வம்பாவும்." பிறகு சிரித்தான். "நாங்க கோயில்ல முட்டி போட்றவங்க. வண்டில முட்டி போட எடமில்ல. இல்லாங்காட்டி நானும் அன்னிக்கு சீட்டுக்குக் கீழதான் இருந்திருப்பேன்."

தணிகாசலத்தால் சிரிக்க முடியவில்லை. "ஜெயிலுன்னு சொல்றாங்களேய்யா."

"அது பயமாத்தான் கீது." லாசர் சிரிப்பை நிறுத்தினான். போலீஸ்காரரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ரொம்ப பயமா கீது. அந்தம்மா கண்ணு தொறக்கட்டும், ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன்னு எங்கூர் மாதாவுக்கு நேந்துகினேன். தொறந்துட்டாங்க. ஆனா நான் இப்டிக் கெடக்கறேன், என் பொஞ்சாதி இங்கயே கீறா. நேந்துகினது கடனா நிக்குது. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அத முடிக்க முடியலியேன்னுதான் மனசு அட்ச்சிகினே கீது."

தணிகாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போலீஸ்காரர் புரண்டு படுத்தார். தணிகாசலம் வெளியே வந்துவிட்டார்.

பஸ்ஸை விட்டிறங்கி நேரே ஸ்டேஷனுக்குப் போனார். வாசலில் ஒரு புங்கமரம். அதன் கீழே நெடுநேரம் நின்றார். உள்ளே போனால் வேலை போகும், பலராமன் முகம் மாறும், ஊர் என்ன சொல்லும், முனீஸ்வரன் என்ன நினைப்பார் என்று ஒவ்வொன்றாக வந்து காலைப் பிடித்தது. திரும்பிப் போகலாம் என்று இரண்டடி வைத்தார். கஞ்சிக் கரண்டியோடு எழுந்து நின்ற அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. குற்றமில்லாதவள் தன்னைப் பார்த்துப் பயந்தாள். தன்னிடம் போய் ஒருத்தி பயந்து கெஞ்சுவதா? அந்த நினைப்புத்தான் அவரை உள்ளே தள்ளிவிட்டது.

"ஐயா, அன்னிக்கு ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன்" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் கேட்டு முடித்தார். ஏட்டைப் பார்த்தார். "என்னய்யா இது, சாமி கும்பிட்டது தப்புன்னு எழுதச் சொல்றான்?"

"இல்லீங்கய்யா. கும்பிட்டது தப்பில்ல. வண்டி ஓடறப்ப ஸ்டீயரிங்க வுட்டது தப்பு. அத மட்டும் எழுதுங்க."

"இதச் சொன்னா உன் வேலைக்கு ஆபத்து, தெரியுமில்ல?"

"தெரியுதுங்கய்யா. பயமாத்தான் கீது."

ஏட்டு உள்ளூர்க்காரர். அவரும் தினமும் அந்த ரவுண்டானாவில் சைக்கிளிலிருந்து கையெடுப்பவர். எழுதும்போது அவர் தலை நிமிரவில்லை. எழுதி முடித்ததும் மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையைத் தணிகாசலத்தின் பக்கம் நகர்த்தி வைத்தார். "குடிங்க" என்று மட்டும் சொன்னார். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியபோதுதான், பல நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் இருவரையும் நிற்கவைத்தார். ஒருவன் வரக்கூடாத பக்கம் வந்தான், ஒருவன் விடக்கூடாத நேரத்தில் கையை விட்டான். இரண்டும் சேராமல் இது நடந்திருக்காது என்றார். லாசருக்குக் கொஞ்சம் அதிகமாகவும் தணிகாசலத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் அபராதம். இருவருடைய லைசென்ஸும் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஜெயில் யாருக்கும் இல்லை. அதைக் கேட்டதும் சவரியம்மாள் வராந்தாவிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். லாசர் கட்டுப் பிரிக்காத காலோடு நொண்டிக்கொண்டே வந்து தணிகாசலத்தின் தோளில் கைவைத்தான்.

பலராமன் அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு, ஷெட்டில் பஸ் கழுவப் போட்டார். ஊரில் சிலர் முகம் கொடுக்கவில்லை. ஆனால் சில நாளிலேயே ஒரு செய்தி அண்ணாதுரை மூலம் வந்தது: "அண்ணே, இப்ப எல்லா டிரைவரும் மரத்தாண்ட வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தான் கும்பிட்றானுங்க. டைம் ஆவுதுன்னு நான்தான் விசில் ஊதி சாவறேன்."

அன்று மாலை தணிகாசலம் அம்சவல்லியை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். "நீ ஆடி மாசம் ஒண்ணு கேட்டியே, பஸ்ஸ யாரு ஓட்றான்னு."

"ம்."

"யாரும் ஓட்டலம்மா. அதான் பதிலு."

குழந்தை யோசித்தாள். "முனீஸ்வரன் கோச்சிக்கலியா?"

"தெரியலம்மா. கண்டிச்சாரு. ஆனா ஒரு உயிரயும் எடுத்துக்கல."

ஷெட்டுக்கு லீவு கிடைத்த ஒரு நாள், மதியச் சோறு சாப்பிட்டுவிட்டு, வீட்டில் எதுவும் சொல்லாமல், அவர் வடக்குப்பட்டுப் பக்கம் நடந்தார். வழியில் கடையில் ஒரு மெழுகுவத்தி வாங்கி மேல்துண்டில் முடிந்துகொண்டார். லாசரின் ஊர்க் கோயில் சின்னது, ஓட்டுக்கூரை. கதவு ஒருக்களித்து இருந்தது. வெயில் நேரத்தில் உள்ளே ஒருவரும் இல்லை. மாதா நீலப் போர்வையோடு ஒரு மாடத்தில் நின்றாள்.

செருப்பை வெளியே விட்டு உள்ளே போனார். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. எந்தக் காலை முதலில் மடிப்பது என்றும் தெரியவில்லை. "லாசர் அனுப்பினதுங்கம்மா" என்றார், தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்க. "அவனுக்குக் கால் ஆறல." லாசர் பிறகு வந்து இன்னொன்று ஏற்றினால் ஏற்றட்டும். அதற்காகக் கோபித்துக்கொள்கிற முகமாக மாதாவின் முகம் தெரியவில்லை.

தீக்குச்சியைக் கிழித்தார். கதவு வழியாகக் காற்று வந்து திரியை இரண்டு முறை அணைத்தது. மூன்றாம் தடவை பற்றியதும், இரண்டு கையையும் குவித்து அதற்கு அணை கட்டினார். விரல்களில் சூடு ஏறியது, எடுக்கவில்லை. சுடர் நன்றாக நிமிரும்வரை அப்படியே பிடித்திருந்தார். பிறகு ஒரு கையை மெல்ல எடுத்தார். பார்த்தார். அணையவில்லை. மற்றொரு கையையும் எடுத்தார்.